சட்டை அடுத்த மாதம்

ஐம்பதாயிரம் சீட்டு. தள்ளி எடுத்ததில்
கைக்கு வந்தது நாற்பத்தோராயிரத்து இருநூறு.
கேஸ் பில்லின் பின்பக்கம் கணக்கெழுதினேன்.
அடித்தேன், அடித்ததன் மேலேயே எழுதினேன்.
பிராசஸர் என்று எழுதிய இடத்தில்
காகிதம் கிழிந்தே போயிற்று.

கல்லூரி திறக்கப் பதினோரு நாள்.
லேப்டாப் வாங்கிடேன், மடியில வச்சுக்கலாம்
என்றாள் மாடிவீட்டு செலின் அக்கா.
எனக்கு மடியில் வேண்டாம்.
திறந்து பார்க்க வேண்டும்.
ஒன்று கெட்டால் அந்த ஒன்றை மட்டும்
கழற்றி மாட்டத் தெரிய வேண்டும்.

ரிச்சி தெருவில் வெயில்
கேபிள் கட்டுகளுக்கு நடுவே வழி கேட்டு இறங்கியது.
கரும்புச்சாறு வண்டி. ரிமோட் உறைக் குவியல்.
"என்னம்மா வேணும், சார்ஜரா?"
ஏழு கடையிலும் இதே கேள்வி.
எட்டாவது கடையில் இம்தாதுல்லா,
என்னைவிட இரண்டு வயது கூட இருந்தால் அதிகம்,
காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து
கிழிசல் வழியாக என்னைப் பார்த்தான்.
"இந்த போர்டுக்கு இந்த ராம் சேராதுங்க.
அது நாலு, இது அஞ்சு. தலைமுறை வேற."
பொருத்தம் பார்த்துச் சம்பந்தம் தட்டிக்கழிக்கிற குரல்.

கண்ணாடிக்குள் கிராபிக்ஸ் கார்டு.
மூன்று விசிறி, கல்யாண மண்டபத்து சீரியல் விளக்கு.
அதன் விலையில் எங்கள் வீட்டு வாடகை
ஆறு மாதம் குடியிருக்கும்.
"பழசு இருக்கு, பாதி விலை."
முகர்ந்து பார்த்தேன்.
எங்கோ இரவும் பகலும் ஓடிக் கருகிய வாசனை.
வைத்துவிட்டேன்.

எங்கள் வீடு ராயபுரம்.
மிக்ஸி ஓடினால் டியூப்லைட் கண்ணடிக்கும்.
கடல்காற்று ஜன்னல் ஆணியைத் தின்று
தலையை மட்டும் மிச்சம் வைக்கும்.
அதனால், யாரும் திரும்பிப் பார்க்காத
பவர் சப்ளையில் போட்டேன் காசை.
கையில் கொடுத்தான். செங்கல் கனம்.
அந்தக் கனம் பிடித்திருந்தது.

பிரௌசிங் சென்டர் மூடியதில் வந்த மானிட்டர்,
இடது மூலையில் ஒரு கீறல், அதற்கு முந்நூறு தள்ளுபடி.
எல்லாம் கூட்டினால்
கேபினட்டுக்கு ஆயிரத்து தொள்ளாயிரம் உதைத்தது.
"அட்டைப்பெட்டி மேலயே வச்சு ஓட்டுங்க," என்றான்.
"நான் எட்டு மாசம் அப்படித்தான்."

பஸ்ஸில் நெஞ்சோடு அணைத்து நின்றதைப் பார்த்து
கண்டக்டர் கேட்டார், "என்னம்மா, முட்டையா?"

ராத்திரி. தரையில் பழைய பெட்ஷீட்.
அம்மா போன் டார்ச்சைப் பிடித்திருந்தாள்,
பாதி நேரம் என் கண்ணில்.
பிராசஸரின் மூலையில் பொன்முக்கோணம்,
அதற்கு எதிரே போர்டில் இன்னொன்று.
நெம்பியை அழுத்தினால் முறுக்கு உடைகிற சத்தம் வரும்,
பயப்படாதீங்க என்று இம்தாது சொல்லித்தான் இருந்தான்.
சத்தம் வந்தது.
பயந்தேன்.

பெட்டி இல்லாததால் பொத்தானும் இல்லை.
இரண்டு சின்னக் கம்பிகளை
ஸ்குரூடிரைவர் முனையால் தொட வேண்டும்.
தொட்டேன். ஒன்றுமில்லை.
மறுபடி தொட்டேன்.
நாற்பத்தோராயிரமும் அப்படியே கிடந்தது,
மூச்சில்லாமல்.

"பின்னாடி ஒரு சுவிட்ச் இருக்கே,
அதைப் போட்டியா?" என்றாள் அம்மா.

விசிறி சுற்றியது.
இருவரும் பேசவில்லை.
பிறகு அவள்தான் கேட்டாள்,
"இதுக்குச் சட்டை இல்லையா?"
"அடுத்த மாசம்."
பல்லி விழுந்துவிடும் என்று
காய்கறிக் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தாள்.
சரியாக இருந்தது.
கூடையை எடுத்தபோது அவள் விரல்
நீளமான காலிப் பள்ளத்தைக் காட்டியது.
"இங்க என்ன வரும்?"
"வரும்மா."

கீறல் விழுந்த திரையில் முதல் எழுத்துகள்.
அதற்கு எதுவும் தெரியவில்லை,
என்ன வருடம், என்ன நாள் என்று
என்னைத்தான் கேட்டது.
எழுந்து போய், சுவர்க் காலண்டரில்
கிழிக்காமல் விட்ட இரண்டு தாள்களைக் கிழித்துவிட்டு
வந்து சொன்னேன்.